உதிரி ராஜ்ஜியம் – 7: நியூயார்க்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் ஒரு சாவியோடு நிறுத்தியிருந்தோம்.

1983 டிசம்பர் 14. டெல்லியை ஒட்டிய குர்கான். பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி காரின் சாவியை நீட்ட, டெல்லிவாசி ஒருவர் வாங்கிக்கொண்டார். இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். வெள்ளை நிறக் கார். பதிவெண் டி.ஐ.ஏ. 6479. விலை 47,500 ரூபாய். கூடியிருந்த அத்தனை பேரும் காரைப் பார்த்துக்கொண்டிருக்க, நாம் மட்டும் பானெட்டைத் திறந்து பார்ப்போம் என்று சொல்லியிருந்தோம்.

திறந்துவிடலாம்.

796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். ஜப்பான். கியர்பாக்ஸ்? ஜப்பான். ஸ்டியரிங், ரேடியேட்டர், கண்ணாடி, சீட், மீட்டர், ஹாரன், விளக்கு, வைப்பர், உள்ளே ஓடும் ஒயர்? எல்லாம் ஜப்பான். டயரும் பேட்டரியும் இன்னும் ஒருசில சில்லறைச் சாமான்களும்தான் உள்ளூர் சரக்கு. மற்றதெல்லாம் ஹமாமட்சு நகரில் பெட்டி கட்டி, கப்பலேறி, கஸ்டம்ஸ் தாண்டி வந்தவை. தொழிலில் அதற்கு சி.கே.டி. கிட் என்று பெயர். கல்யாணச் சீர்வரிசைபோலத் தட்டுத் தட்டாக வந்து இறங்கும். இங்கே பிரித்துப் பூட்ட வேண்டியதுதான் வேலை.

‘மக்கள் கார்’ என்று கொண்டாடினார்கள். அது எந்த நாட்டு மக்களின் கார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்கப்போகிற நாள் இரண்டே ஆண்டுத் தொலைவில் இருந்தது.

*

ஒப்பந்தத்தை மறுபடி ஒருமுறை புரட்டுவோம். 1982 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி அன்று டெல்லியில் கையெழுத்தானது. இந்திய அரசுக்கு 74 சதவீதம், சுசுகிக்கு 26. அரசுத் தரப்பில் இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி என்பதையும், பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கருவிலி கிராமத்தில் பிறந்து, திருச்சி பெல் ஆலையைக் கட்டி எழுப்பி, பொதுத்துறை உலகமே ‘வி.கே.’ என்று அழைக்கும் அளவுக்கு உயர்ந்தவர் அவர் என்பதையும் முன்பே பார்த்தோம்.

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் ஒசாமு சுசுகி. அவர் பிறந்தது மட்சுதா குடும்பத்தில். சுசுகி வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஜப்பானிய வழக்கப்படி மாமனார் வீட்டுப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர். நம் மொழியில் சொன்னால் வீட்டோடு மாப்பிள்ளை. 1978-இல் கம்பெனித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு யென்னையும் எண்ணிச் செலவு செய்கிறவர் என்று பேர் வாங்கினார்.

இந்த இருவருக்கும் நடுவே ஒரு நிபந்தனை. முதல் ஆண்டு கிட் இறக்குமதி செய்துகொள்ளலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் உள்ளூர்ச் சரக்கின் பங்கு ஏற வேண்டும். ஐந்தே ஆண்டில் 95 சதவீதத்தைத் தொட வேண்டும். டெல்லி உத்யோக் பவனில் அமர்ந்திருந்த தொழில்துறை அமைச்சகமும் டி.ஜி.டி.டி. என்ற தொழில்நுட்ப இயக்ககமும் இதற்குக் காவல். படிப்படியான உற்பத்தித் திட்டம் என்று கோப்பில் பெயர். கணக்குக் காட்டினால்தான் இறக்குமதி லைசென்ஸ்.

உள்ளூரில் செய்தால் அந்நியச் செலாவணி மிச்சம். இது டெல்லியின் கணக்கு.

ஹமாமட்சுவின் கணக்கு வேறு. கிட் விற்றால் யென்னில் காசு. ஒவ்வோர் உதிரி பாகமும் இந்தியாவில் தயாராகத் தொடங்கினால் அந்தக் காசு ஒவ்வொன்றாக நிற்கும். தன் கடைச் சரக்கைத் தானே குறைத்துக்கொள்ள எந்த வியாபாரிக்கு மனசு வரும்? ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது ஒருபுறம். வேகமாகச் செய்வதா, ஆற அமரச் செய்வதா என்பது வேறு விஷயம். ‘உங்கள் ஊர்ச் சரக்கு தரம் போதாது’ என்று ஒரு வரி எழுதினால் போதும், ஓர் உதிரி பாகத்துக்கு ஆறு மாதம் ஓடிவிடும்.

நிபந்தனை இருந்தது. அவசரம் இல்லை. அவசரத்தை உண்டாக்கியவர்கள் ஐந்து பேர். மாருதி என்ற பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்களா என்பதே சந்தேகம்.

*

1985 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க், பிளாசா ஹோட்டல்.

அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடினார்கள். அமெரிக்கத் தரப்பில் ஜேம்ஸ் பேக்கர். ஜப்பான் தரப்பில் நொபோரு தகெஷிதா. டாலர் அளவுக்கு மீறி வீங்கிக் கிடக்கிறது என்பது அமெரிக்காவின் புலம்பல். ஜப்பான் கார்களும் டி.வி.க்களும் அமெரிக்கச் சந்தையில் கொட்டுகின்றன, எங்கள் ஆலைகள் மூடுகின்றன, யென்னின் மதிப்பு ஏறியாக வேண்டும். பேசினார்கள். ஒப்புக்கொண்டார்கள். பிளாசா உடன்படிக்கை என்று பொருளாதாரப் பாடப் புத்தகங்களில் அது ஏறிவிட்டது.

அன்று ஒரு டாலருக்கு சுமார் 240 யென். அந்த ஆண்டு முடியும்போது 200. 1987 முடியும்போது 120-ஐ ஒட்டி வந்து நின்றது.

இதற்கும் குர்கானுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று டாலருக்குச் சுமார் 12 ரூபாய். அப்படியானால் 100 யென் வாங்க சுமார் 5 ரூபாய். இரண்டேகால் ஆண்டு கழித்து அதே 100 யென்னுக்குப் பத்து ரூபாய்க்கு மேல். கணக்குக்காக, ஹமாமட்சுவில் ஒரு லட்சம் யென்னுக்குக் கட்டிய பெட்டி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விலை ஒரு யென்கூட ஏறவில்லை. இங்கே வந்து இறங்கும்போது 5,000 ரூபாய்ச் சரக்கு 10,000 ரூபாய்க்கு மேல். அதன்மேல் சுங்க வரி.

டெல்லி கன்னாட் பிளேஸை ஒட்டிய கஸ்தூர்பா காந்தி மார்க். ஜீவன் பிரகாஷ் கட்டடம். பதினோராவது மாடி. மாருதி உத்யோகின் தலைமை அலுவலகம் அங்கேதான் இருந்தது. 1985-இல்தான் வி.கே. ஸ்டீல் அத்தாரிட்டிப் பொறுப்புக்குப் போயிருந்தார். நிர்வாக இயக்குநராக அமர்ந்தவர் ஆர்.சி. பார்கவா. ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு கார் விற்க வந்தவர். வந்து அமர்ந்தவரை வரவேற்றது யென்.

அவருக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று. கார் விலையை ஏற்றிக்கொண்டே போகலாம். ஆனால் மாருதியின் பேரே விலையில்தான் இருந்தது. நஷ்டத்துக்கு விற்கலாம். எத்தனை நாளைக்கு? மூன்றாவது, பெட்டியை நிறுத்துவது. ஒவ்வோர் உதிரி பாகமாக, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக, இங்கேயே செய்வது.

வேடிக்கை என்னவென்றால், இந்தமுறை ஹமாமட்சுவும் அதையேதான் சொன்னது.

கார் விலை ஏறி விற்பனை படுத்துவிட்டால் கிட் விற்று என்ன லாபம்? ஜப்பானிலிருந்து அனுப்பும் எந்தச் சரக்கும் இனி யானை விலை. மூன்று ஆண்டாக அரசாங்கக் கோப்பு நகர்த்த முடியாததை நாணய மாற்று விகிதம் நகர்த்திவிட்டது. பன்னாட்டு நிறுவனங்கள் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுத்த வரலாறு நெடுகிலும் இந்தச் சூட்சுமத்தைப் பார்க்கலாம். கருணையால் கற்றுக்கொடுத்தவர்கள் குறைவு. கற்றுக்கொடுக்காவிட்டால் நமக்கே நஷ்டம் என்ற நிலை வரும்போது கதவு தானாகத் திறக்கும்.

கதவு திறந்தது. உள்ளே போக ஆள் வேண்டுமே? செய்வது யார்?

*

பழைய டெல்லி, காஷ்மீரி கேட். அன்றும் இன்றும் வட இந்தியாவின் பெரிய உதிரி பாகச் சந்தை. தகரக் கூரைக்கும் தொங்கும் ஒயருக்கும் நடுவே, அம்பாசிடருக்கோ பியட்டுக்கோ எது கேட்டாலும் கிடைக்கும். ஒரிஜினல் கிடைக்கும். ஒரிஜினல் மாதிரியும் கிடைக்கும். சரியாகப் பொருந்தாவிட்டால்? மெக்கானிக் அரம் வைத்து ராவிப் பொருத்திவிடுவார். அந்த நாளில் கார் என்பதே ராவிப் பொருத்தும் பொருளாகத்தான் இருந்தது.

குர்கானில் அரத்துக்கு இடமில்லை. கார் ஒரு வரிசையில் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனதன் இடத்துக்கு வரும்போது கதவோ கண்ணாடியோ ஒரே வைப்பில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் வரிசை நிற்கும்.

இன்னொரு சிக்கல். அம்பாசிடர் தயாரித்த உத்தரபாரா ஆலை பெரும்பாலானவற்றைத் தன் மதிலுக்குள்ளேயே செய்துகொள்ளும் பழைய கூட்டுக் குடும்பம். சுசுகியின் முறை அப்படியில்லை. எஞ்சின், பாடி, பெயின்ட், கடைசிப் பூட்டு வேலை இவை முக்கியமாகக் கார் கம்பெனிக்கு. மற்ற பெரும்பகுதி வெளியிலிருந்து வர வேண்டும். ஹமாமட்சுவைச் சுற்றி அதற்கென்றே பரம்பரையாகச் சிறு ஆலைகள் இருந்தன. குர்கானைச் சுற்றி அன்று இருந்தது கடுகு வயல்.

ஏற்கனவே பேர் பெற்ற உதிரி பாகக் கம்பெனிகள் இல்லாமல் இல்லை. நம் சென்னையின் பாடியிலும் அம்பத்தூரிலும் டி.வி.எஸ். குழும ஆலைகள் இருந்தன. எம்.ஆர்.எஃப். டயர் மாருதி 800-க்குப் போனது. ஆனால் சென்னைக்கும் குர்கானுக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். சீட்டையும் பம்பரையும் லாரியில் ஏற்றி அவ்வளவு தூரம் அனுப்பினால், அனுப்புவது முக்கால்வாசி காற்றைத்தான்.

ஆக, பக்கத்திலேயே ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் உருவாக்க வேண்டும். மாருதி செய்தது அதைத்தான்.

*

அந்த ஆட்களில் ஒருவரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஏனென்றால் இந்தத் தொடரின் பின்பாதியில் அவர் ஐரோப்பாவில் கம்பெனி கம்பெனியாக வாங்கப்போகிறார்.

விவேக் சாந்த் சேகல். டெல்லிக்காரர். 1975-இல், இருபது வயதுகூட ஆகாதபோது, தாயார் ஸ்வரண் லதா சேகலோடு சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து நடத்துவதால் பெயர் மதர்சன். தொழில்? வெள்ளி வியாபாரம். வெள்ளியில் கை சுட்டதும் ஒயருக்குத் திரும்பினார்கள். 1977-இல் ஒரு சிறிய கேபிள் ஆலை. ஒயர் என்றால் செம்புக் கம்பிக்கு மேலே பிளாஸ்டிக். அதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

காரில் ஓடுவது வெறும் ஒயர் இல்லை. பேட்டரியிலிருந்து விளக்குக்கு, ஹாரனுக்கு, வைப்பருக்கு, மீட்டருக்கு என்று நூற்றுக்கணக்கான இணைப்புகள் கிளை பிரிந்து ஓடும் ஒரு நரம்பு மண்டலம். வயரிங் ஹார்னஸ் என்பார்கள். இதைச் செய்ய பிரமாண்ட இயந்திரம் கிடையாது. ஆளுயரப் பலகையில் காரின் நரம்புப் படத்தை வரைந்து, வளைவுக்கு வளைவு ஆணி அடித்து, பூக்கட்டுவதுபோல ஒயரைக் கையால் ஓட்டி, டேப் சுற்ற வேண்டும்.

பூக்கட்டுவதுபோல என்றால் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வோர் ஒயரின் நுனியிலும் ஓர் உலோகக் கொண்டியை அழுத்திப் பிடிக்க வைக்க வேண்டும். கிரிம்ப் என்று பெயர். அழுத்தம் கூடினால் உள்ளே மெல்லிய செம்பு இழைகள் அறும். குறைந்தால் கொண்டி தளரும். தளர்ந்த இடம் சூடேறும். சூடேறினால் புகை. ஆயிரம் கிரிம்பில் ஒன்று தவறினாலும், எங்கோ ஒரு நெடுஞ்சாலையில், ராத்திரியில், மழையில், ஒருவர் காரின் விளக்கு அணையும்.

அந்த அழுத்தம் எவ்வளவு என்று டிராயிங்கில் ஓர் எண் இருக்கும். ஆனால் நாள் முழுக்க, ஆள் மாறினாலும், கருவி தேய்ந்தாலும் அந்த எண்ணை விடாமல் பிடித்துக்கொள்வது எப்படி என்பது எந்த டிராயிங்கிலும் இருக்காது. அது பக்கத்தில் நின்று பார்த்துக் கற்க வேண்டிய வித்தை. சமையல் குறிப்பு எழுதிக் கொடுத்தால் அம்மா வைக்கிற ரசம் வந்துவிடுமா?

1983-இல் ஜப்பானின் தொக்காய் எலக்ட்ரிக் கம்பெனியோடு மதர்சன் தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டது. பின்னாளில் சுமிடோமோ ஒயரிங் சிஸ்டம்ஸ் என்று பெயர் மாறியது அந்தக் கம்பெனிதான். 1986-இல், யென் தலைகால் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்தபோது, இருவரும் கூட்டுக் கம்பெனியே ஆனார்கள். மதர்சன் சுமி சிஸ்டம்ஸ். இடம், யமுனைக்கு அக்கரையில் அப்போதுதான் மனை பிரித்துக்கொண்டிருந்த நொய்டா.

தேதிகளைக் கவனித்தீர்களா? நட்பு 1983-இல். கல்யாணம் பிளாசாவுக்குப் பிறகு.

*

மதர்சன் தனி ஆள் இல்லை. 1984-இலிருந்து 1987-க்குள் டெல்லியைச் சுற்றிப் புதிய பலகைகள் வரிசையாகத் தொங்கின. கார்க் கண்ணாடிக்கு லாப்ரூ குடும்பமும் ஜப்பானின் அசாஹி கிளாஸும் மாருதியும் சேர்ந்து ஒரு கம்பெனி. 1987-இல் ஹரியானாவின் பவலில் ஆலை. ஸ்டியரிங்குக்கு சுரிந்தர் கபூரின் சோனா, ஜப்பானின் கோயோ செய்கோவோடு. ஏ.சி.க்கு சுப்ரோஸ், நிப்பான்டென்சோ தொழில்நுட்பத்தில். சீட்டுக்கு பாரத் சீட்ஸ். பம்பர், டாஷ்போர்டு போன்ற பிளாஸ்டிக் உருப்படிகளுக்கு மசினோ. தகட்டு வேலைக்கு ஜெய் பாரத் மாருதி.

இவர்களில் பலருக்கு மாருதி வெறும் வாடிக்கையாளர் இல்லை, பங்காளியும்கூட. பத்து, பதினைந்து சதவீதம் என்று சிறு பங்கு போட்டது. அதன் பொருள் என்ன? வங்கிக்குப் போய்க் கடன் கேட்கும் வெண்டருக்கு, அதாவது உதிரி பாகம் செய்து தருபவருக்கு, அதைவிடப் பெரிய ஜாமீன் கிடையாது. சிலருக்குத் தன் வளாகத்திலேயே இடமும் கொடுத்தது. மாருதி ஜாயின்ட் வென்ச்சர் காம்ப்ளெக்ஸ் என்ற முகவரி இன்றும் குர்கானில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்கட்டில் மாட்டுத் தொழுவம் மாதிரி. பால் வேண்டுமென்றால் கறந்து கொண்டுவர வேண்டியதுதான்.

உத்யோக் பவனிலும் எல்லாம் சுமுகமில்லை. அந்தக் காலத்தில் பல உதிரி பாகங்கள் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. பெரிய அளவில் செய்ய லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பு. லட்சம் காருக்கு ஒரே அச்சாகச் சரக்கு வேண்டும் என்றால் பெரிய டை, பெரிய மோல்டு, பெரிய முதலீடு. பட்டறை சிறியதாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரியதாக இருந்தே ஆக வேண்டும் என்பது தொழில். இந்த இழுபறியில் கோப்புகள் கஸ்தூர்பா காந்தி மார்குக்கும் உத்யோக் பவனுக்கும் இடையே நடந்து நடந்து தேய்ந்தன. மாருதியே அரசுக் கம்பெனியாக இருந்ததுதான் அதிர்ஷ்டம். அரசாங்கத்தின் கதவை அரசாங்கமே தட்டியது.

இதே நேரத்தில் ஜப்பானின் மற்ற உதிரி பாகக் கம்பெனிகள் எங்கே போயின என்றும் பார்த்துவிட வேண்டும். யென் ஏறியதும் அவை கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டின. தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா. பாங்காக்கைச் சுற்றிலும் ஆலைகள் முளைத்தன. பெருமழை அங்கே பெய்தது. நம் பக்கம் விழுந்தது தூறல். லைசென்ஸும் அந்நிய முதலீட்டு வரம்பும் பிடித்திருந்த குடை அப்படி. அந்தத் தூறலிலும் அதிகம் நனைந்தது டெல்லிச் சுற்றுவட்டாரம். காரணம், அங்கே மாருதி என்ற ஒரு தொட்டி இருந்தது.

தொட்டி இல்லாதவர்கள் பட்ட பாட்டுக்கும் சாட்சி உண்டு. அதே ஆண்டுகளில் ஜப்பான் கம்பெனிகளோடு சேர்ந்து சிறிய லாரி செய்ய வந்தவை நான்கு: டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மாஸ்டா, ஆல்வின் நிசான், ஐஷர் மிட்சுபிஷி. நான்கின் மீதும் யென் விழுந்தது. ஆனால் விற்ற எண்ணிக்கை சிறியது. ஆயிரக்கணக்கில் ஓடும் வண்டிக்கு எந்த வெண்டர் லட்சக்கணக்கில் மோல்டு போடுவார்? சந்தையில் திணறின. டி.சி.எம். டொயோட்டா பத்தாண்டு முடிவதற்குள் கொரியாவின் டேவூ கைக்குப் போனது.

நம் சென்னைக் கதை இன்னும் வருத்தமானது. 1985-இல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு சொகுசு கார் இறக்கியது. பிரிட்டனில் ரோவர் கம்பெனி ஓட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த காரின் உடல். உள்ளே வான்கார்ட் காலத்துப் பழைய எஞ்சின். பட்டு வேட்டிக்கு மேலே கிழிந்த பனியன். மூன்று ஆண்டில் மூச்சு நின்றது. காரை இறக்குமதி செய்யலாம். அச்சையும் இறக்குமதி செய்யலாம். அதைச் சுற்றி நிற்க வேண்டிய நூறு பட்டறைகளை எந்தக் கப்பலிலும் ஏற்ற முடியாது. அவை முளைக்கத்தான் வேண்டும்.

*

முளைத்தன. 1987-இல் 500 மாருதிகள் ஹங்கேரிக்குக் கப்பலேறின. பெட்டி பெட்டியாக வாங்கிய வழியிலேயே கார் காராகத் திரும்பிப் போனது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாருதி 800-இன் உள்ளூர்ப் பங்கு தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியது. 1994-இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. பானெட்டைத் திறந்தால் இப்போது நொய்டாவும் பவலும் குர்கானும் பாடியும் தெரிந்தன.

முளைத்த பயிரோடு களையும் வந்தது. இந்தச் சங்கிலியில் விலைக் குறைப்பு எப்போதும் மேலிருந்து கீழே இறங்கும். கார் கம்பெனி வெண்டரிடம் குறைக்கச் சொல்லும். வெண்டர் தனக்குக் கீழே இருக்கும் சின்னப் பட்டறையிடம் சொல்வார். பட்டறைக்காரர் யாரிடம் சொல்வார்? பலகை முன்னால் நின்று டேப் சுற்றும் கைகளிடம்தான். ஒப்பந்தத் தொழிலாளி என்ற சொல் குர்கான் சாலையில் புழங்கத் தொடங்கியது. அந்தச் சொல் 2012-இல் மானேசரில் தீயாகப் பற்றி எரியப்போகிறது. அதற்கு இன்னும் சில வாரம் இருக்கிறது.

அதற்கு முன்னால் வேறொரு புகைச்சல்.

உதிரி பாகம் இந்தியாவில் தயாராகிறது. சரி. அதன் டிராயிங் யாருடையது? எந்த உருவத்தில், எந்த உலோகத்தில், எத்தனை மில்லிமீட்டர் கனத்தில் என்று தீர்மானித்தவர் யார்? தொண்ணூறு சதவீதம் நம்முடையது என்று மார் தட்டிய காரின் நூறு சதவீத வரைபடமும் ஹமாமட்சுவில் இருந்தது. செய்யக் கற்றுக்கொண்டோம். வரையக் கற்றுக்கொண்டோமா? புதிய மாடல் எது, எப்போது, என்ன விலைக்கு என்ற முடிவெல்லாம் அந்த வரைபடத்தை வைத்திருப்பவர் கையில்தானே?

டெல்லியில் இந்தக் கேள்வி மெல்லக் கிளம்பிய நேரத்தில் நாட்டின் கஜானா காலியானது. 1991-இல் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பிய கதை உங்களுக்குத் தெரியும். கதவுகள் திறந்தன. எண்பதுகளின் பிற்பகுதியிலேயே 40 சதவீதத்துக்கு ஏறியிருந்த சுசுகியின் பங்கு, 1992-இல் 50 சதவீதமானது.

பாதிக்குப் பாதி. இரண்டு பேருக்கும் சம உரிமை என்று படித்தால் அழகாக இருக்கும். ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் என்றும் அதைப் படிக்கலாம். ஐந்து ஆண்டுகள் யாரும் அப்படிப் படிக்கவில்லை. நாற்காலியில் பார்கவா இருந்தார். டெல்லிக்கும் அவர்மேல் நம்பிக்கை. ஹமாமட்சுவுக்கும் அவர்மேல் நம்பிக்கை.

1997 ஆகஸ்ட். பார்கவாவின் பதவிக்காலம் முடிகிறது.

உத்யோக் பவனில் அப்போது தொழில்துறை அமைச்சர் யார் தெரியுமா? இந்தக் கதையில் முதல் கையெழுத்துக்கு வழி செய்தவர் பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கருவிலிக்காரர். இப்போது கோப்பைக் கையில் எடுத்தவரும் அதே பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்தான். ஊர் திருக்குவளை. பெயர் முரசொலி மாறன்.

கோப்பில் இருந்தது ஒரே ஒரு பெயர். மாருதியின் அடுத்த நிர்வாக இயக்குநர் யார் என்ற பெயர். டெல்லி அதை அறிவித்தது.

ஹமாமட்சுவிலிருந்து வந்த பதிலும் சின்னதுதான். கூடாது.

பதினைந்து ஆண்டுச் சம்பந்தம். சுற்றிலும் நூற்றுக்கணக்கான வெண்டர்கள். அவர்களின் பட்டறைகளில் ஆயிரக்கணக்கான கைகள். ஒரே ஒரு பெயருக்காக இத்தனையும் குலுங்கியது. மாப்பிள்ளை வழக்குக்குக் கிளம்பினார்.

யார் அந்த மனிதர்? அவரைக் கண்டு ஒசாமு சுசுகி ஏன் அப்படிக் கொதித்தார்?

(தொடரும்)